மூலையில் ஒரு முகம்

1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு கணினி மாநாட்டில் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்ற பொறியாளர் தொண்ணூறு நிமிடம் பேசினார். மௌஸ், திரையிலேயே திருத்தக்கூடிய எழுத்து, ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இணைப்பு என்று பின்னாளில் உலகம் முழுக்கப் பரவியதையெல்லாம் ஒரே அமர்வில் செய்து காட்டினார். அந்த நாளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மௌஸோடு நின்றுவிடுவார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. அரங்கத்தின் பெரிய திரையில் கணினியின் எழுத்துகள் ஓடிக்கொண்டிருக்க, அவற்றுக்குப் பக்கத்திலும் சில சமயம் அவற்றின் மேலேயும் எங்கெல்பார்ட்டின் முகம் தெரிந்தது. இன்று யூடியூபில் எக்ஸெல் சொல்லிக்கொடுப்பவர் மூலையில் ஒரு வட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறாரே, அதே ஏற்பாடுதான்.

கணினி இருந்ததோ சுமார் 48 கிலோமீட்டர் தள்ளி, மென்லோ பார்க்கில். அங்கே ஐந்து அங்குலப் படக்குழாய் ஒன்றில் தோன்றிய எழுத்தை ஒரு டிவி கேமரா படம்பிடிக்க, அந்தப் படம் மைக்ரோவேவ் வழியாக அரங்கத்துக்கு வந்தது. எழுத்தும் கேமரா வழியாகத்தான் வந்தது, முகமும் கேமரா வழியாகத்தான். பில் இங்கிலிஷ் தலைமையில் மேடைக்குப் பின்னால் இருந்த குழு இரண்டையும் நேரலையில் கலந்தது. கலந்த நொடியிலேயே வேலை முடிந்தது. பிறகு பொருத்துவதற்கு எதுவும் மிஞ்சவில்லை.

இன்று ஒரு மடிக்கணினியும் ஓபிஎஸ் போன்ற இலவச மென்பொருளும் போதும், யாரும் இதைச் செய்யலாம். ஆனால் எடிட்டிங் மேசையில் உட்கார்ந்தால்தான் தெரியும், திரையும் முகமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு பொருட்கள் என்பது. நேரத்தை அளக்கும் விதம் வேறு, ஃபைலில் இடம் பிடிக்கும் விதம் வேறு, பார்ப்பவரின் கண்ணை இழுக்கும் விதமும் வேறு. இரண்டுக்கும் ஒரே விதியைப் போட முயலும்போதுதான் காணொளி கெடுகிறது.

நேரத்திலிருந்து ஆரம்பிக்கலாம். மானிட்டர் பொதுவாக நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. வெப்கேம் பெட்டியில் நொடிக்கு 30 ஃபிரேம் என்று போட்டிருக்கும். மைக்ரோஃபோன் நொடிக்கு 48,000 முறையோ 44,100 முறையோ ஒலியை அளவெடுக்கிறது. மூன்றுக்குள்ளும் தனித்தனியாக ஒரு குவார்ட்ஸ் படிகம் அதிர்ந்துகொண்டிருக்கிறது. மூன்றும் ஒரே கணினியில் செருகப்பட்டிருப்பதால் ஒரே கடிகாரத்தைப் பார்த்து ஓடுகின்றன என்று நினைப்பது இயல்பு. அப்படி இல்லை.

இவற்றில் நம்ப முடியாதது வெப்கேம்தான். நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்க வேண்டும் என்றால், ஒரு ஃபிரேமுக்கு ஒளியைச் சேகரிக்க அதிகபட்சம் முப்பதில் ஒரு பங்கு நொடிதான் கிடைக்கும். அறை இருட்டாக இருந்தால் அது போதாது. அப்போது கேமரா யாரையும் கேட்காமல் ஒளி சேகரிக்கும் நேரத்தைப் பதினைந்தில் ஒரு பங்கு நொடியாக நீட்டிக்கொள்ளும். ஃபிரேம் எண்ணிக்கை 15 ஆகப் பாதியாகிவிடும். இரவு பத்து மணிக்கு, மேசை விளக்கு ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு பதிவு செய்பவரின் முகம் ஏன் திக்கித் திக்கி அசைகிறது என்பதற்கு இணைய வேகம் காரணமல்ல, பல்புதான் காரணம்.

திரைப் பதிவிலும் சில மென்பொருட்கள் ஒரு சிக்கனம் செய்யும். திரையில் எதுவும் மாறாதபோது புது ஃபிரேமே எழுதாது. ஒவ்வொரு ஃபிரேமின் மீதும் 'இது இத்தனையாவது மில்லிநொடியில் காட்ட வேண்டியது' என்ற நேர முத்திரை இருப்பதால், படம் ஓட்டும் செயலிக்கு இதனால் சிக்கல் இல்லை. எடிட்டிங் மென்பொருள்களுக்குத்தான் சிக்கல். அவை சினிமாவிலிருந்து வந்தவை. ஃபிரேம்கள் சம இடைவெளியில் வரும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டவை. முத்திரையைப் பார்க்காமல் ஃபிரேமை மட்டும் எண்ணும் மென்பொருளில் கணக்கு எப்படிப் போகும் என்று பாருங்கள். பத்து நிமிடப் பதிவில் கேமரா சராசரியாக நொடிக்கு 27 ஃபிரேம் கொடுத்திருந்தால் மொத்தம் 16,200 ஃபிரேம். அதை நொடிக்கு 30 என்று ஓட்டினால் முகம் ஒன்பதே நிமிடத்தில் பேசி முடித்துவிடும். குரல் இன்னும் ஒரு நிமிடம் தனியாகப் பேசிக்கொண்டிருக்கும். எல்லா மென்பொருளும் இவ்வளவு மோசமாக நடப்பதில்லை, ஆனால் சிறிய அளவில் இதே பிழை மிகச் சாதாரணம். டைம்லைனில் போடுவதற்கு முன்னால் எஃப்எஃப்எம்பெக், ஹேண்ட்பிரேக் போன்ற ஒன்றில் இரு பதிவுகளையும் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொண்டால், விட்டுப்போன இடங்களில் முந்தைய ஃபிரேமையே நகலெடுத்து நிரப்பிவிடும். அந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் நாள் முழுக்க உதட்டோடு மல்லுக்கு நிற்பவர்கள் நிறையப் பேர்.

இந்த மூன்றில் எதை ஆதாரமாக வைத்துக்கொள்வது? ஒலியைத்தான். ஒரு ஃபிரேம் விடுபட்டால் கண் பொறுத்துக்கொள்ளும்; ஒலியில் சில மில்லிநொடி அறுந்தாலும் காது அதை 'டிக்' என்று பிடித்துவிடும். ஆகவே ஒலியைத் தொடாமல், முகத்தையும் திரையையும் அதற்கேற்ப நகர்த்துவதே முறை.

எவ்வளவு நகர்ந்தால் தெரியும் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒலி படத்தை முந்தி வந்தால் சுமார் 45 மில்லிநொடியிலேயே மனிதர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பிந்தி வந்தால் 125 மில்லிநொடி வரை கவனிப்பதில்லை. இரண்டும் சமமாக இல்லாததுதான் சுவாரசியம். காரணம் இயற்கையில் இருக்கிறது. ஒளி கண்ணுக்கு வந்து சேரும் நேரத்தைக் கணக்கில் எடுக்கவே தேவையில்லை. ஒலியோ நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர்தான் நகர்கிறது. கோயில் திருவிழாவில் தூரத்தே அதிர்வேட்டு வெடிக்கும்போது முதலில் புகையைப் பார்க்கிறோம், பிறகுதான் சத்தம். 125 மில்லிநொடி என்பது சுமார் 43 மீட்டர் தள்ளி நிற்பவரின் பேச்சு வந்து சேரும் நேரம். அப்படிப் பிந்தி வரும் ஒலியை மூளை பிறந்ததிலிருந்து சந்தித்துவருகிறது. முந்தி வரும் ஒலியை அது எங்கும் சந்தித்ததே இல்லை.

வெப்கேம் செய்யும் தவறு சரியாக அந்தத் திசையில்தான் இருக்கிறது. முழு எச்டி படத்தைச் சுருக்காமல் நொடிக்கு 30 ஃபிரேம் அனுப்ப ஏறத்தாழ 995 மெகாபிட் வேண்டும். யூஎஸ்பி 2.0 கேபிளின் உச்ச வேகமே 480 மெகாபிட். அதனால் கேமரா ஒளியைச் சேர்த்து, படத்தை உள்ளேயே சுருக்கி, கேபிளில் அனுப்ப, கணினி அதை விரித்து எடுக்கிறது. ஒவ்வொரு படியும் சில மில்லிநொடிகளைத் தின்கிறது. கேபிள் வழியே வரும் மைக்குக்கு இந்தச் சுற்றுவழி இல்லை. அது முன்னாலேயே வந்துவிடும். ஆக, எதுவும் செய்யாமல் விட்டால் ஒலி முந்துகிறது, அதாவது மூளை மிகக் குறைவாகப் பொறுத்துக்கொள்ளும் பக்கம். புளூடூத் மைக் என்றால் கதை தலைகீழ்: அங்கே ஒலியே தாமதமாக வரும்.

உதட்டின் அசைவு வெறும் அலங்காரமல்ல. ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்ற இரு உளவியலாளர்கள் 1976-இல் நேச்சர் இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 'பா' என்ற ஒலியை, 'கா' என்று சொல்லும் வாயசைவோடு சேர்த்துக் காட்டினார்கள். பலருக்குக் கேட்டது இரண்டும் இல்லை; 'டா'. காதில் விழுந்ததைக் கண் திருத்திவிட்டது. பொருந்தாத உதடு எரிச்சலோடு நின்றுவிடாமல், சொல்லையே மங்கலாக்கும் என்பதற்கு இது போதும்.

பொருத்துவதற்குப் பதிவின் தொடக்கத்தில் கேமரா முன்னால் ஒருமுறை கை தட்டுவது சினிமாக்காரர்களின் பழைய வழி. அதை முடிவிலும் ஒருமுறை செய்யச் சொல்வேன். இரண்டு இடத்திலும் ஒரே அளவு விலகல் என்றால் முகத்தை அப்படியே நகர்த்தினால் வேலை தீர்ந்தது. தொடக்கத்தில் சரியாக இருந்து முடிவில் விலகினால் கடிகாரங்கள் பிரிந்து ஓடியிருக்கின்றன என்று பொருள். நகர்த்தினால் தீராது, நீட்டவோ குறுக்கவோ வேண்டும். குவார்ட்ஸ் படிகத்தில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு வித்தியாசம் வெகு சாதாரணம். கேட்க அற்பமாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் அது 180 மில்லிநொடி. நாம் பார்த்த எல்லா வரம்பையும் தாண்டிவிட்டது. பத்து நிமிடக் காணொளியில் 30 மில்லிநொடிதான், யாருக்கும் தெரியாது. நீண்ட வகுப்புகளில் மட்டும் உதடு மெல்லப் பிசகுவது இதனால்தான்.

கை தட்ட மறந்தவர்களுக்குத் தமிழே கைகொடுக்கும். 'ப'வும் 'ம'வும் உதடு மூடாமல் பிறக்காத எழுத்துகள். நம் ஊர்ப் பயிற்சிக் காணொளிகளில் 'இப்ப', 'அப்புறம்' இரண்டும் நிமிடத்துக்குப் பலமுறை வரும். 'அப்புறம்' என்பதில் அந்த 'ப்'பின் நொடியில் உதடு ஒட்டியிருக்க வேண்டும், ஒலி அலையில் ஒரு சிறு பள்ளம் இருக்க வேண்டும். இரண்டையும் நேராக வைத்தால் முகம் பொருந்திவிட்டது. திரையை ஒலியோடு பொருத்த மௌஸ் சொடுக்கும் சத்தம் இருக்கிறது: சத்தம் எழும் இடத்தில் மெனு திறக்க வேண்டும்.

நேரம் ஒருவழியாக ஒத்துப்போன பிறகு, படம். திரைப் பதிவின் பெரும்பகுதி அசையாது. காணொளிச் சுருக்க முறைகள் எல்லாம் 'முந்தைய ஃபிரேமிலிருந்து எது மாறியது' என்பதை மட்டும் எழுதிவைப்பதால், அசையாத திரைக்கு ஏறக்குறைய ஒன்றும் செலவில்லை. மூலையில் 480-க்கு 270 புள்ளி அளவில் முகத்தை வைத்தால் அது முழு எச்டி பரப்பில் 6.25 விழுக்காடுதான். ஆனால் ஃபைலின் எடையில் பெரும்பங்கை அதுவே எடுத்துக்கொள்ளும். முகம் அசைகிறது என்பது ஒரு காரணம். இருட்டில் எடுத்த படத்தில் மினுமினுக்கும் புள்ளிகள் இன்னொரு காரணம். அவை ஃபிரேமுக்கு ஃபிரேம் வேறு இடத்தில் தோன்றுவதால் எந்தச் சுருக்க முறைக்கும் பிடிகொடுக்காது. கிடைக்கும் பிட்டுகளைச் சுவரின் இரைச்சல் தின்றுவிட, பார்ப்பவர் படிக்க வந்த எழுத்து மங்குகிறது. முகப்பதிவுக்கு மட்டும் லேசாக இரைச்சல் நீக்கி போடுவது நல்லது. அதைவிட நல்லது பதிவின்போதே இன்னொரு விளக்கு.

எழுத்துக்கு வேறொரு கேடும் இருக்கிறது. மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பார்க்கும், நிற வேறுபாட்டை அவ்வளவு கூர்மையாகப் பார்க்காது. இதை வைத்து, சாதாரண காணொளிகளில் நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே ஒரு நிற மதிப்பைத்தான் சேமிக்கிறார்கள். முகத்துக்கு இது நூற்றுக்கு நூறு பொருத்தம். கன்னத்தில் நிறம் திடீரென மாறுவதில்லை. கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து என்றால் ஓரம் கரைந்து வழியும். நிரல் எழுதும் காணொளிகளில் பிழைச் செய்திகள் பெரும்பாலும் சிவப்பில்தான் வருகின்றன என்பது ஒரு துரதிர்ஷ்டம்.

இதைக் கைபேசியில் பார்ப்பவரின் நிலையை யோசியுங்கள். 1920 புள்ளி அகலப் படம் கைபேசியைச் சாய்த்துப் பிடித்தால் ஏறக்குறைய 14 செ.மீ. அகலத்தில் அடங்குகிறது. கணினித் திரையில் 14 புள்ளி உயரமுள்ள எழுத்து அங்கே ஒரு மில்லிமீட்டர். தமிழில் அதற்குள் ஒரு புள்ளியும் வேண்டும். அந்த மெய்ப்புள்ளி ஒன்றிரண்டு திரைப்புள்ளிகளில் நிற்கிறது, சுருக்கத்தில் முதலில் பலியாவதும் அதுதான். 'க்' 'க' ஆகிவிடும். ஆகவே திரையைப் பெரிதாக்கிக் காட்டுவது எடிட்டரின் கடமைகளில் தலையாயது. பெரிதாகும்போது முகம் கூடவே பெரிதாகக் கூடாது. பதிவு செய்யும்போதே முகத்தைத் திரைக்குள் ஒட்டிவைத்துவிட்டால் இதைச் செய்யவே முடியாது. திரை ஒரு ஃபைல், முகம் ஒரு ஃபைல், ஒலி ஒரு ஃபைல் என்று பிரித்துப் பதிவு செய்யச் சொல்வதற்கு இதுவே முதல் காரணம். இன்னும் சில காரணங்களும் உண்டு.

ஒளியைப் பற்றி இரண்டு சொல்ல வேண்டும். இந்தியாவின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை மின்னுகின்றன. வெப்கேம் அமைப்பு அமெரிக்காவுக்கு ஏற்ப 60 ஹெர்ட்ஸில் இருந்தால் முகத்தின் மேல் கருநிழல் பட்டைகள் ஊர்ந்து போகும். எடிட்டிங்கில் இதைப் போக்குவது பெரும்பாடு; பதிவின்போது ஒரு சொடுக்கில் மாற்றலாம். இரண்டாவது, எடிட்டர்கள் அதிகம் பேசாத ஒன்று: திரையே முகத்துக்கு விளக்கு. கறுப்பு ஜன்னலை மூடி வெள்ளைப் பக்கத்தைத் திறந்தவுடன் முகத்தில் நீல வெளிச்சம் ஏறும், கேமராவின் தானியங்கி நிறச் சமநிலை அதைச் சரிசெய்யப் பார்க்கும், சில நொடிகளுக்குத் தோல் நிறம் தள்ளாடும். நடுவில் ஒரு துண்டை வெட்டி எடுத்தால் முகம் சட்டென்று நிறம் மாறி, வெட்டிய இடத்தைக் காட்டிக்கொடுக்கும். தானியங்கி அமைப்புகளை நிறுத்திவைத்துவிட்டுப் பதிவை ஆரம்பிப்பதே தீர்வு.

வெட்டுவது என்றாலே இங்கே இரட்டை வேலை. 'வந்து', 'அதாவது' என்று இழுத்த இடங்களை நீக்கினால் தலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் துள்ளும். திரையில் அதே வெட்டு பெரும்பாலும் தெரியவே தெரியாது, கர்சர் சும்மா இருந்திருந்தால். எனவே துள்ளும் நொடியில் முகத்தை மறைத்துத் திரையை முழுதாகக் காட்டலாம். அல்லது வெட்டுக்குப் பின் முகத்தை ஒரு பத்து விழுக்காடு பெரிதாக்கினால் வேண்டுமென்றே கோணம் மாற்றியது போலிருக்கும். முழு எச்டியில் எடுத்த முகத்தைக் கால்வாசி அகலத்தில் காட்டுவதால் பெரிதாக்கத் தாராளமாகப் புள்ளிகள் இருக்கின்றன. திரையின் பக்கம் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: வலது கீழ் மூலையில் இருக்கும் கடிகாரம். 10:42 என்று காட்டியது அடுத்த வாக்கியத்தில் 11:15 ஆகிவிடும். மென்பொருள் ஏதாவது நிறுவப்படும் வரை காத்திருக்கும் பகுதியை எட்டு மடங்கு வேகமாக ஓட்டுவது வழக்கம்தான், ஆனால் அப்போது முகத்தைத் தூக்கிவிடுங்கள். எட்டு மடங்கு வேகத்தில் மூக்கைச் சொறியும் ஆசிரியரைப் பார்த்த பிறகு யாருக்கும் பாடத்தில் மனம் போகாது.

வெட்டாமல் மறைக்க வேண்டியவையும் இருக்கும்: கடவுச்சொல், கைபேசி எண். கட்டம் கட்டமாகக் கலைத்துக் காட்டும் மொசைக்கை நம்ப வேண்டாம். என்ன எழுத்துரு என்று தெரிந்தால் கலைந்த கட்டங்களிலிருந்து எழுத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க வழிகள் உண்டு. ஒரே நிறத்தில் பட்டை போட்டு மூடுவதே பாதுகாப்பு. திரையில் பட்டை போட்டவர்கள் முகத்தைப் பார்க்க மறந்துவிடுவார்கள். மூக்குக்கண்ணாடியில் திரை பிரதிபலிக்கும். மிச்சிகன், ஜெஜியாங் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2022-இல் இதைச் சோதித்தார்கள். சோதனைக்கூடச் சூழலில், 720 வரி வெப்கேமில் பதிவான கண்ணாடிப் பிரதிபலிப்பிலிருந்து, திரையில் 10 மில்லிமீட்டர் உயரமிருந்த எழுத்துகளை 75 விழுக்காட்டுக்கும் மேலான துல்லியத்தில் படிக்க முடிந்தது. சாதாரண எழுத்து அதைவிடச் சிறியது என்பது ஆறுதல். பாடம் நடத்துகிறவர் திரையைப் பெரிதாக்கிக்கொண்டு பேசுகிறவர் என்பது ஆறுதல் அல்ல.

இத்தனை பாடும் பட்டு அந்த முகம் அங்கே தேவைதானா? ஸ்டான்ஃபோர்டில் ரெனே கிசில்செக்கும் உடன் ஆய்வாளர்களும் 2014-இல் கண்ணசைவைப் பின்தொடரும் கருவியை வைத்துப் பார்த்தார்கள். படிப்பவர்கள் 41 விழுக்காடு நேரம் முகத்தைப் பார்த்தார்கள், சராசரியாக 3.7 நொடிக்கு ஒருமுறை முகத்துக்கும் பாடத்துக்கும் இடையே கண் ஓடியது. பிடித்திருந்தது முகம் உள்ள காணொளிதான். பாடம் நினைவில் நின்றதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதே ஆண்டு எட்எக்ஸ் தளத்தின் 69 லட்சம் பார்வை அமர்வுகளை அலசிய வேறொரு குழு, படப்பலகைகளை மட்டும் காட்டும் காணொளியைவிட இடையிடையே முகம் வந்துபோகும் காணொளி பார்ப்பவரை அதிக நேரம் பிடித்துவைக்கிறது என்று கண்டது. வந்துபோகும் என்பதை அடிக்கோடிட வேண்டும். தொடக்கத்தில் முழுத்திரையில் முகம் வரட்டும், வணக்கம் சொல்லட்டும், என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லட்டும். படிக்கவேண்டிய எழுத்து திரைக்கு வந்ததும் போய்விடட்டும். ஏதாவது தவறிப்போய் நிரல் ஓடாமல் நிற்கும் இடத்தில் மறுபடி வரட்டும். அங்கே ஆசிரியரின் முகச்சுளிப்புக்கு மதிப்பு இருக்கிறது. முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் வட்டம் பழக்கத்தால் வந்தது, பலனால் அல்ல.

முகமே வேண்டாம் என்று தீர்மானித்து நடந்த பெரிய முயற்சியும் நம் நாட்டில் இருக்கிறது. ஐஐடி மும்பையில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா முன்னெடுத்த ஸ்போக்கன் டுட்டோரியல் திட்டம், கட்டற்ற மென்பொருள்களைப் பத்து நிமிட அளவிலான திரைப்பதிவுகளில் கற்றுத்தருகிறது. திரையும் குரலும் மட்டுமே. குரலைத் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் மாற்றிப் பதிந்திருக்கிறார்கள். திரையில் ஓடுவது அதே படம்தான். மூலையில் ஒரு முகம் இருந்திருந்தால் ஒவ்வொரு மொழியிலும் உதடு ஒன்று சொல்ல, குரல் வேறொன்று சொல்லியிருக்கும். மெக்கர்க் சோதனையை மாணவர்கள் மேல் நாள்தோறும் நடத்தியது போல ஆகியிருக்கும். உங்கள் காணொளியையும் நாளைக்கு யாராவது மலையாளத்திலோ சிங்களத்திலோ கேட்கலாம். முகம் தனி ஃபைலாக இருந்தால், டைம்லைனில் அந்த ஒரு தடத்தை மட்டும் அணைத்துவிட்டு மறுபடி ரெண்டர் போட்டால் போதும்.